அரை லிட்டர் பால்

தறி ஓடுகிற இரவில் நன்றாகத் தூங்குகிறவன் நான்.
கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றால்
விழித்துக்கொள்வேன்.
ஏகாம்பரகுப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தேகாலுக்கு நின்றது.
போனில் தேசப்பன்: "முழிச்சிட்டியா?"
"பால் வாங்கிட்டு வரேன்" என்று
இருட்டுக்குச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தேன்.
பால்கடை நாலாவது வீடு.
ஹெல்மெட்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சொன்னது பொய்யாகக் கூடாதே என்று
முதலில் பால்தான் வாங்கினேன்.
பாக்கெட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.
வயிற்றில் ஜில்லென்று உட்கார்ந்தது.

தேசப்பன் வண்டி புதுசு,
நாற்பத்தொரு தவணை பாக்கி.
பக்கத்துக்கொரு தகரப்பெட்டி, முன்னால் கம்பிக் கூண்டு,
லடாக் போகிற சாமான் எல்லாம் பூட்டிக்கொண்டு
புத்தூர் சந்தைக்குப் போய்வருகிறது.
சுகுணாவுடையது ஏலத்தில் எடுத்தது,
அவளைத் தவிர யார் உதைத்தாலும் கிளம்பாது.
முனிகிருஷ்ணன் ஸ்பிளெண்டரில் வந்தான்,
கேரியரில் நூல்மூட்டை கட்டுகிற கயிறு அப்படியே.
என் வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தார் முடிந்து குவாரித் தடம்.
மாவு மாதிரிப் புழுதி, அதற்கடியில் கல்.
"எந்திரிச்சு நில்லு" என்று சுகுணா கையைத் தூக்கினாள்.
கால்மிதியில் எழுந்து நின்றேன்.
முப்பத்தெட்டு வயதில்
நின்றுகொண்டே போவது பஸ்ஸில் மட்டும்தான் என்றிருந்தேன்.
வண்டி என்னைக் கேட்காமல்
ஒரு பாறையைப் பார்த்துவைத்து ஏறி
மறுபக்கம் இறங்கிவிட்டது.
வயிறு கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்தது.

பிறகு ஆறு.
கணுக்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு மணல்.
எல்லைக்கல்லை ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுபோயிருந்தது.
காலை உடைத்துக்கொண்டால்
நகரி ஆஸ்பத்திரியா, பள்ளிப்பட்டா என்று
முனி சந்தேகம் கேட்டான்.
"விழுற பக்கம்" என்றாள் சுகுணா.

லடாக் வண்டி பத்தடியில் புதைந்தது.
எவ்வளவு முறுக்கினானோ அவ்வளவு இறங்கியது.
ஸ்பிளெண்டர் எப்போதோ அக்கரையில் நின்று
சைலன்சரில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.
நூல்மூட்டைக் கயிற்றைக் கட்டி இழுத்தோம்.
"ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று முனி எண்ணினான்.
அரக்கோணத்துச் சுகுணாவுக்கு
மூடு என்றால் மூன்று என்று விளங்க
இரண்டு இழுப்பு வீணானது.

அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்ததில்தான்
நான் விழுந்தேன்.
மெதுவாகத்தான் விழுந்தேன்.
விழப்போகிறேன் என்று தெரிந்த பிறகும்
நிறைய நேரம் மிச்சமிருந்தது.
வயிற்றில் ஈரம் பரவியது.
தொடப் பயந்து படுத்திருந்தேன்.
நகரி மூக்கு தலைகீழாய்த் தெரிந்தது,
பிறந்ததிலிருந்து மாடியில் நின்று பார்க்கிற மலை,
இப்படிப் பார்த்தால்
யாரோ மல்லாந்து தூங்குகிற மாதிரி இருக்கிறது.
சுகுணா ஓடிவந்து சட்டையைத் தூக்கினாள்.
வெள்ளையாய் வழிந்தது.
வண்டியை என் மேலிருந்து எடுக்காமல்
மூன்று பேரும் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அக்கரைப் பெட்டிக்கடையில்
டீயும் ஒரு பாக்கெட் பாலும்.
குடித்துக்கொண்டிருக்கும்போதே
எங்கோ ஒரு தறி, பிறகு பத்து, பிறகு காற்று முழுக்க.
கரண்ட் வந்துவிட்டது.
யாரும் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வைத்தோம்.

எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.
அவள் பாக்கெட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
"இது நம்ம ஊர்ப் பால் இல்லையே."
காலணியிலிருந்து ஒரு கைப்பிடி ஆறு கொட்டியது.
"எவ்ளோ தூரம்?"
"பதினேழு கிலோமீட்டர்."
"பாலுக்கா?"

தறிச் சத்தத்தில்
காதில் விழாத மாதிரி இருப்பது
எங்கள் ஊரில் எல்லோருக்கும் கைவந்தது.