முதலாம் திகதிக் குளிசை

மாதம் ஒன்று. சதுரமாய், மண்ணிறமாய்,
மாட்டிறைச்சி வாசத்தோடு.
ஆனியில் தொடங்கிக் கார்த்திகை வரை.
பெட்டிக்குள் ஆறு குளிசை,
நாள்காட்டியில் ஒட்டவென்று
ஆறு சின்னச் சிவப்பு இதயங்களும்.

ஆடி வரை ஒட்டியிருக்கிறது.
ஆவணியில் நாங்கள் இரண்டு வீடானோம்.

ஒரு கிழமை என்னோடு, மறு கிழமை அவனோடு
உளுந்து
காரின் பின்கதவால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கூடவே சாப்பாட்டுக் கோப்பை, கயிறு,
மணக்கத் தொடங்கிவிட்ட ஒரு போர்வை.
குளிசை சுகிர்தனிடம் என்று நானும்
என்னிடம் என்று அவனும்.
அதுவோ என் காரில்,
காப்புறுதித் தாளுக்கு அடியில்,
நாலும் உடையாமல் படுத்திருந்தது.
கண்டது ஐப்பசி ஒன்பதில்,
குளிர்கால டயர் பூட்டப் போன இடத்தில்.

"நீங்கள் குடுத்தனீங்கள் எண்டெல்லோ நினைச்சன்"
என்றான் போனில்.
பதினொரு வருஷம் என்னை 'நீர்' என்றவன்.

வின்சர், டெக்கும்சே வீதி, மிருக வைத்தியசாலை.
தராசு இருபத்தேழு கிலோ காட்டியது.
வரவேற்பில் இருந்த பெண் கோப்பைப் பார்த்து
"ஊலூண்டூ?" என்று கூப்பிட
நாங்கள் இரண்டு பேரும் எழும்பினோம்.

முன்னங்காலில் கொஞ்சம் மயிர் வழித்து
எடுத்த இரத்தத்தில் மூன்று துளி
ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில்.
கிளிக் என்று அமுக்கி,
"எட்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்
மார்லேன் என்ற தாதி.

எட்டு நிமிஷத்தை எங்கே வைப்பது.
ஆவணி மாலை ஒன்று நினைவில் வந்தது.
ஒஜிப்வேப் பூங்காவின் ஆளுயரப் புல்,
அதற்குள் போய் வராமல் நின்ற கறுத்த வால்.
அது யாருடைய கிழமை?
நுளம்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

மேசையில் ரப்பரால் செய்த ஒரு நாயின் இதயம்,
வெட்டிப் பிளந்தது.
வலது அறையில் வெள்ளை வெள்ளையாய்ச் சிக்கு.
நான் வாய் திறக்கவில்லை.
"இடியப்பம்" என்றான் அவன், மெல்ல.
சிரிக்கக் கூடாத இடத்தில்
மூக்கால் வந்தது எனக்குச் சிரிப்பு.
உளுந்து எங்களை மாறி மாறிப் பார்த்தது.

ஒரு நீலப் புள்ளி. ஒன்றே ஒன்று.
அது தட்டு வேலை செய்கிறது என்பதற்கான புள்ளி.
புழு இருந்தால் இன்னொன்று வந்திருக்கும்.

மூச்சு விடப் போனோம்,
வைத்தியர் கை காட்டி நிறுத்தினார்.
இன்றைய இரத்தம் இன்றைக்கான பதில் அல்ல.
வளர்ந்த பெண் புழுவைத்தான் இது அறியும்,
வளர ஆறு மாதம்.
ஆவணியில் ஏதும் உள்ளே போயிருந்தால்
சித்திரையில்தான் சொல்லும்.
குளிசையும் அப்படியே,
முன்னால் நின்று மறிக்காது.
ஒவ்வொரு முறையும் பின்னால் போய்
போன மாதம் நுளம்பு விட்டுச் சென்றதைத்
தேடித் துடைத்துவிட்டு வரும்.
அதற்கு முந்தியதில் அதற்கு நிச்சயமில்லை.

இருவரும் தலையாட்டினோம்,
நாயைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருப்பதுபோல்.

அங்கேயே ஒன்று கொடுத்தோம்.
துப்பியது. எடுத்துத் துடைத்து
மறுபடி அவன் கொடுக்க,
நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.
கன நாளைக்குப் பிறகு
இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்,
ஒரு கறுத்த தொண்டை
ஏறி இறங்கும் வரை.

வாகனத் தரிப்பிடத்தில் பிரித்துக்கொண்டோம்.
மிச்சம் மூன்று குளிசையும் அவனிடம்.
இதயங்கள் என்னிடம்.
கொடுத்தால் எழுதுவான், எழுதினால் ஒட்டுவேன்.
சித்திரை பத்தொன்பது, காலை பத்தரை
என்று அவன் போனிலும் என் போனிலும்.

கார்த்திகை முதலாம் திகதி.
இரவு ஒன்பது ஐம்பதுக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"விழுங்கிட்டுது."

வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.
எழும்பிப் போய் ஒட்டினேன்.