மூன்றாம் தட்டு

தியேட்டரிலிருந்து வாளி வந்தபோது மணி பதினொன்று பத்து.
வெளியே ரெசிடென்சி சாலையில் மழை.
ஒரு லோரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
வாளியின்மேல் பெயர்: புனிதமலர்.
வயது முப்பத்தொன்று. இடது சூலகம்.
ஓரத்தில் டாக்டர் ஊயின் கோழிக் கிறுக்கல்:
பிள்ளை இல்லை. வேண்டுமாம்.

எடை போட்டேன். இரண்டு கிலோ நூறு.
மேல்தோல் எங்கும் கிழியவில்லை.
கறுப்பு மை பூசிக் கத்தி வைத்ததும்
நுங்கு நுங்காய் அறைகள்,
அறைக்குள் அறை.
மேசை விளிம்புவரை சளி வழிந்தது.
ஸுரைடா ஒன்றும் சொல்லாமல் துணி எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு இருபது நிமிடம்.
இருபத்திரண்டு சென்டிமீட்டரில் எங்கே வெட்டுவது?
கண்ணை நம்பாமல் விரலால் தடவி
கெட்டிப்பட்ட இடங்களில் இரண்டு துண்டு எடுத்தேன்.
அவை உறைந்து, சீவப்பட்டு,
ஊதாவும் ரோஜாவும் ஏறி
லென்சுக்கு அடியில் வந்து நின்றன.

செல்கள் வரிசையில் இல்லை.
தைப்பூசத்துக்குத் தேர் பார்க்க வந்த கூட்டம் போல
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி எட்டிப் பார்க்கின்றன.
கயிறு பிதுங்குகிறது.
தாண்டவில்லை.

போன்.
"நல்லதா, கெட்டதா?"
அங்கே வயிறு திறந்து கிடக்கிறது.
"குறைந்தபட்சம் எல்லைநிலை" என்றேன்.
"குறைந்தபட்சம் என்றால்?"
"பார்த்த இரண்டு துண்டில் அவ்வளவுதான்."
மூச்சுச் சத்தம். ஏதோ கருவி தட்டில் விழும் சத்தம்.
"சரி. மற்றதை விட்டுவைக்கிறேன். குடல்வால் அனுப்புகிறேன்."

அந்தச் சரி என் நாலு நாள் தூக்கத்தைத் தின்றது.

மெழுகில் இருபத்தாறு கட்டைகள்.
பத்தொன்பதாவதில் கயிறு அறுந்திருந்தது.
சின்னக் கும்பல், வழி கேட்க ஆளில்லாமல்
அந்நியத் தெருவில் நிற்பதுபோல.
அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி. மூன்று.
ஐந்துக்குள் என்றால் பெயர் மாறாது என்கிறது வகைப்பாடு.
ஐந்தை வைத்தது யார்?
எந்த ஊரிலோ நீள மேசையைச் சுற்றி
காப்பி ஆறிக்கொண்டிருக்க
நாலா ஐந்தா என்று வாதாடியிருப்பார்கள்.
எங்காவது கோடு விழத்தானே வேண்டும்.
எழுதினேன்: எல்லைநிலைச் சளிக்கட்டி,
நுண் ஊடுருவலுடன். குடல்வால் இயல்பு.
'நுண்' என்ற சொல்லை அழித்தேன்,
திரும்ப எழுதினேன்.

ஆறு வாரம் கழித்து.
ஸுரைடா தொழுகைக்குப் போயிருந்தாள்,
கவுண்டரில் நான்.
சிலைடுகளை வாங்க வந்திருந்தாள் ஒருத்தி,
கோலாலம்பூரில் இன்னொருவரிடம் காட்ட.
பாரத்தில் கையெழுத்திட்டாள்.
புனிதமலர்.
பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தாள்,
ஓரத்தை மட்டும் தொட்டு. பழகிய கை.
"இது நானா?"
"உங்களிடம் இருந்தது."

"பாயான் லெப்பாசுல சிப்பு பாக்குறேன் டாக்டர்.
பன்னண்டு மணி நேர ஷிப்டு, மைக்ராஸ்கோப்புலதான்.
பாஸுக்கு ஒரு தட்டு, ரிஜெக்டுக்கு ஒண்ணு.
உங்க ரிப்போர்ட்ட என் வீட்டுக்காரர் நாலு வாட்டி படிச்சாரு,
பாஸா பெயிலான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.
எனக்கு உடனே புரிஞ்சிருச்சு.
எங்ககிட்டயும் மூணாவது தட்டு இருக்கு."

"அதில் போட்டதை என்ன செய்வீர்கள்?"

சிலைடை அதன் பள்ளத்தில் இறக்கினாள். எண் நாலு.
அதில் ஒன்றுமே இல்லை, வெறும் சளி.
"தூக்கிப் போட மாட்டோம்.
விக்கவும் அனுப்ப மாட்டோம்.
தேதி போட்டு வச்சுத் திரும்பப் பாப்போம்."

படியிறங்கிப் போனாள்.
மோட்டார் கூடையில், மழைக்கோட்டுக்கு நடுவே
பெட்டியைச் செருகி
இரண்டு தரம் அசைத்துப் பார்த்தாள்.
ஆடவில்லை.
ஹெல்மெட் மாட்டினாள்.