பள்ளத்தூர் மண்டபத்தின் தேதி

விடிந்ததும் அடைக்கப்பன் கூப்பிட்டார்.
"ரெஜினா, சிங்கப்பூர்ப் பார்ட்டி ஐபோன்ல
முகூர்த்தத் தேதி இருக்க வேண்டிய எடத்துல
நான்னு வருதாம்.
எந்த நான் அது?"

எண் அல்ல என்பதற்கு
ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஐயா.
சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

செக்காலை ரோடு, ஜெராக்ஸ் கடை மாடி.
என் குரோமில் எல்லாம் சரி:
ஜனவரி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு.
நாளுக்கும் நேரத்துக்கும் நடுவே
நான் விட்ட ஒரு வெற்றிடத்தை
குரோம் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது.
சஃபாரி விடவில்லை.

வெற்றிடத்தில் ஒரு டி வைத்தேன்.
ஐபோன் சமாதானமானது.
தம்பியின் பழைய ஐபேடிலோ
தாலி கட்டு பதினொன்றரைக்குப் போய்விட்டது,
நட்டநடு ராகுகாலத்தில்.
லண்டன் மணியென்று எடுத்துக்கொண்டு
ஐந்தரை மணி கூட்டியிருக்கிறது.

அப்புறம் யாரையும் நம்பவில்லை.
வருடம், மாதம், நாள், மணி
பிய்த்துப் பிய்த்துக் கையில் கொடுத்தேன்,
மாதத்தில் மட்டும் ஒன்று கழித்து.
அவர்கள் ஊரில் ஜனவரி பூஜ்யம்.

இப்போது எல்லாத் திரையிலும் ஆறு மணி.

மறுபடி அடைக்கப்பன்.
பெண் வீடு வாக்கியமாம்,
மாப்பிள்ளை வீடு திருக்கணிதமாம்.
"ரெண்டுலயும் ஒரே நாள் காட்டுற மாதிரி
நீயே ஏதாச்சும் பண்ணிவிட முடியாதா?"