பாலத்துக்கு இந்தப் பக்கம்

நேற்றும் பாலம் வரைக்கும்தான்.
பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம்,
பதினெட்டுச் சில்லு லொறி,
பின்னால் இருபது தொன் மரக்குற்றி.
முன்சில்லு பாலத்தில் ஏறுகிற நேரம்
திரை கறுத்தது.
பெட்டிக்குள் ஒரு ‘டிக்’.
பிறகு விசிறி தன்பாட்டில் திரும்பச் சுழன்றது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

“பகல் முழுக்க டிப்பர்,
இரவிலையும் லொறியோ?”
நிறோஜினி கேட்பாள்.
இந்த லொறியைப் பொலிஸ் மறிக்காது,
மணல் பெர்மிட் கேட்காது,
டீசலும் என்ர காசில்லை என்பேன்.
பாலம் மட்டும் விடுகுதில்லை.

பெட்டியின் சாதகம் இது:
கூடு, முள்ளியவளையில் இழுத்துப் பூட்டின
நெற்கபே ஒன்றில், ஆயிரத்து ஐந்நூறுக்கு.
மதர்போட் வவுனியாவில், பழைய பேப்பரில் சுற்றி.
கிராபிக்ஸ் காட் மாத்தளைப் பெடியன் ஒருத்தன் போனில் விற்றது;
மாங்குளம் சந்தியில் பஸ் கொண்டக்டர்
வாழைக்குலைக்குக் கீழிருந்து இழுத்துத் தந்தான்.
பவர் சப்ளை கூட்டோடு இலவசம்.
இலவசம் என்றபோதே யோசித்திருக்க வேணும்.

எஞ்சின் இடைவழியில் நின்றால்
முதலில் டீசல், பிறகு காற்று, பிறகு வயர்.
எனக்குத் தெரிந்த வழி அதுதான்.
ரெண்டு ராமையும் கழற்றி
மகளின் அழிறப்பரால் மஞ்சள் பல்லுகளைத் தேய்த்தேன்.
ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினேன். பாலம்.
மற்றதை மட்டும். பாலம்.
ட்ரைவரை அழித்துப் பழைய ட்ரைவரைப் போட்டேன்
(“ட்ரைவரையே மாத்திப்போட்டியளோ,
இஞ்சையும் செய்யலாமோ?” என்று சிரித்தாள்).
பாலம்.
சூடாக்கும் என்று மூடியைக் கழற்றி
மேசைவிசிறியைத் திருப்பி விட்டேன்;
ஒட்டுசுட்டான் ரோட்டுக் கிரவல் புழுதி
ஒரு கிழமையில் முழுக்க உள்ளே.
பவர் சப்ளையைத் திறந்தால்
எறும்புக் குடும்பம், முட்டையோடு.
ஊதினேன்.
அன்றைக்கும் பாலம்.

பதினொரு நாள் கொப்பியில் எழுதினேன்:
திகதி, எதை மாற்றினேன், எத்தனை நிமிசம் ஓடினது.
டிப்பரின் லொக் புத்தகத்தில்கூட
இவ்வளவு உண்மை எழுதினதில்லை.

பன்னிரண்டாம் நாள்,
பின்னால் பாயில் இருந்து
மகளின் வெள்ளைச் சட்டைக்குத் தெறி தைத்தவள் சொன்னாள்:
“நீங்கள் திரையைத்தான் பாக்கிறியள்.
எனக்கு ஊசியில நூல் கோக்கேலாமல்
இந்தக் குண்டு பல்ப் மங்கேக்கைதானே
உங்கட லொறி நிக்குது.
மில் போடேக்கை.”

ஏழு மணி.
வரதகுலத்தின் அரைக்கிற மில்.
வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு
ஆறே முக்காலுக்கு உட்கார்ந்தால்
ஏழுக்குப் பாலம்; தினமும் அதே கணக்கு.
மல்டிமீற்றரைப் பிளக்கில் குத்தினேன்.
லைனின் கடைசி வீடு எங்களுடையது:
இருநூற்றிப் பதினாறு.
மில் பிடித்தது.
நூற்றி எழுபத்தெட்டு.

நான் சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா தெரியாது.
அந்த மாவில்தான் எனக்கும் புட்டு.
அவனிடம் போய் என்னத்தைச் சொல்ல,
பனி நாட்டில் என் மரக்குற்றி தேங்கிக் கிடக்குதென்றா?
ஸ்ரெபிலைசர் விலை விசாரித்தேன்:
டிப்பருக்கு ஒரு ரயர்.
ரயர்தான் முதலில் வேணும்.

அதனால், பெட்டி இழுக்கிற கரண்டைக் குறைக்க இருந்தேன்.
பனியை நிற்பாட்டினேன்.
ஆற்றுத் தண்ணியின் மினுக்கத்தை நிற்பாட்டினேன்.
தூரத்து மலையை இன்னும் தூரமாக்கினேன்.
கடைசியில் ‘நிழல்’ என்று ஒரு வரி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து
அதையும்.

ஏழு மணி. பல்ப் மங்குகிறது.
நிறோஜினி ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழும்பி வருகிறாள்.
முன்சில்லு. நடுச்சில்லு.
மரக்குற்றியின் கடைசி நுனி.
ரெண்டு பேரும் மூச்சு விடவில்லை.
அந்தப் பக்கம்.

அந்தத் தேசத்தில் அப்போது மத்தியானம்.
ரோட்டோரம் மரங்கள் வரிசையாய்,
ஒன்றுக்குக் கீழும் நிழல் இல்லை.
“மரத்துக்குக் கீழ விடுங்கோ,
சீற்று சுடும்,” என்றாள், பழக்கத்தில்.

விட்டேன்.