இன்றைய விலை

ஊருக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.
அலோர் ஸ்டாரிலிருந்து இருபத்தெட்டாங் கட்டை,
அவ்வளவுதான்.
இன்னும் இரண்டு கட்டை போனால் சயாம்.

நெய்னா முகம்மது நாணய மாற்றுக் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் பதினொரு வருஷம்.
காலை ஒன்பதரைக்குப் பலகையில் எண் மாட்டுவேன்:
நூறு பாட்டுக்கு இத்தனை ரிங்கிட்.
(பாடுகிற பாட்டு இல்லை.
இதைச் சொல்லிச் சிரிக்காத லாரிக்காரன் இன்னும் பிறக்கவில்லை.)

மேசைக் கண்ணாடிக்கு அடியில்
முதலாளி செருகி வைத்த செல்லாக்காசுகள்:
தோட்டத்துக் கடையில் மட்டும் அரிசி தந்த ஈய வில்லை,
ராஜா தலை போட்ட டாலர்,
சப்பான்காரனின் வாழைமர நோட்டு.
நோட்டில் வாழை குலை தள்ளியிருக்கிறது.
கடைசியில் ஒரு கட்டு கொடுத்தும்
ஒரு சீப்பு வாங்க முடியவில்லையாம்.

நாற்பத்து மூன்றில் ஒருநாள் விடியுமுன்
பெரட்டுக் களத்தில் கிராணி சொன்னது:
இன்று முதல் இது சயாம்.
யாரும் அசையவில்லை.
லயம் அங்கேயே, பால்வாளி அங்கேயே.
கோடுதான் எழுந்து தலைகளைத் தாண்டி
தெற்கே போய்ப் படுத்துக்கொண்டது.
இரண்டு வருஷம் கழித்து
ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.
ரயில் பாதை போட ஏற்றிப்போன அறுபத்து மூன்று பேரில்
கோட்டோடு திரும்பியது ஒன்பது பேர்.

அப்புறம் முள்வேலி, ஊரடங்கு.
அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை.
அப்புறம் செம்பனையையும் சாய்த்து
லாரிகள் வரிசையில் தூங்க ஒரு தார்த் திடல்.
இப்போது பெரட்டுக் களத்தில்
சிங்கோராவுக்குப் போகிற டயர்கள் நிற்கின்றன.

அரியமுத்து மாதம் ஒருமுறை வருவார்.
"பாட் என்ன விலை?"
அவரிடம் பாட் இருந்ததே இல்லை.
சிவப்பு ஐசி. எல்லை தாண்டக் காகிதம் கிடையாது.
சுங்கச் சாவடிக் கூரை
அவர் வீட்டுக் கக்கூஸிலிருந்து தெரியும்.

சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை,
அதற்குள் பிறந்த சீட்டு, முழுக்கச் சயாம் எழுத்து.
பதிவு இலாகாவில் படிக்க முடிந்தது எண் மட்டும்:
2487.
அந்த அதிகாரி விரல்விட்டு எண்ணியிருக்கிறான்.
"பாக்சிக், நீங்க பிறக்க
இன்னும் நானூறு வருஷத்துக்கு மேல இருக்கு."
பக்கத்து மேசையும் சிரித்ததாம்.
தானும் சிரித்ததாக அவரே சொன்னார்.

போன செவ்வாய், மழை.
சடாவிலிருந்து மாங்காய் விற்க வரும் பிரானி
ரிங்கிட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.
அவர் உறையை நீட்டினார், என்னிடமா அவளிடமா தெரியாமல்.
அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள்.
அரைகுறை மலாயில் வாசித்தாள்.

வருஷம், புத்தர் கணக்கு. அது சரிதான்.
பிறந்த இடம், தோட்டம்.
தாய், காட்டாய்.
"காத்தாயி," என்றார் அவர்.
தகப்பன், ரயில் வேலை.
குழந்தை, ஆண்.
பெயர் –

அவள் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.
திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.
"இன்னும் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது."

எண்பது வருஷம்
இஸ்திரி போட்ட சட்டையில் சுமந்த தாள்.

கூரைத் தகரத்தில் மழை.
நெய்னா முகம்மது எண்ணிக்கொண்டிருந்த கட்டை
முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.
பிரானி ஒரு மாங்காயை எடுத்து
அவர் முன்னால் வைத்தாள், காசு கேட்காமல்.

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.
உறைக்குள் போக அது அடம்பிடித்தது.
பிறகு பலகையைப் பார்த்தார்,
பார்வை சரியில்லை, எனக்குத் தெரியும்.

"சரி. பாட் என்ன விலை?"

பதின்மூன்று எழுபது, என்றேன்.

"நேத்தைக்கு இன்னிக்கிக் குறைச்சல்."
நேற்று அவர் வரவே இல்லை.