ஆறு விநாடி

புதன்கிழமை. கிதீனியா
துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் இரண்டாம் மாடி.
வெளியே பால்டிக்கின் பிப்ரவரி, கண்ணாடியெல்லாம் உப்பு.
வலப்பக்கம் ஸெனோபியா, பல் மருத்துவர்,
வலிக்காது என்று சொல்லும் அதே முகத்தோடு
மேசையில் வைக்கிறாள்: ஒரு இஸ்பேட்.

இப்போது என் முறை.

கையில் ஆர்ட்டின் ஐந்து:
ஆஸ், ராணி, பத்து, ஏழு, நாலு.
இஸ்பேட் ராஜா, காவலுக்கு இரண்டு பொடியன்களோடு.
டைமன் ராஜாவும் அப்படியே.
கிளாவர் என்று சொல்லிக்கொள்ள இரண்டு சில்லறை.
பன்னிரண்டு புள்ளி. எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன்,
எண்ண எண்ணக் கூடும் என்பதுபோல.

முதலில் கேட்பவருக்கு வீடு காலி,
எந்த அறையிலும் போய் உட்காரலாம்.
குறுக்கே கேட்பவர் தட்டுவது
ஆள் குடியிருக்கும் வீட்டின் கதவை.

அவள் ஒரு டைமன் என்று திறந்திருந்தால்
ஒரு ஆர்ட்டின் என்று செருகியிருப்பேன்,
நெரிசலில் கால் வைக்க இடம் கேட்பதுபோல.
இஸ்பேடைத் தாண்ட இரண்டாம் படி ஏற வேண்டும்.
எட்டுப் பிடி. என்னிடம் ஐந்தோ ஆறோ.
மீதி எதிரே போகுமிலின் கையில் இருக்கலாம்,
அவன் கையில் ஆர்ட்டினே இல்லாமலும் போகலாம்.
போர்டின் ஓரத்தில் எங்கள் பக்கம் சிவப்பு:
விழுந்தால் அடி பலம்.
நவம்பரில் எல்ப்லாங்கில் இப்படித்தான் வாயைத் திறந்தேன்.
டபுள். மூன்று பிடி குறைச்சல். எண்ணூறு.
திரும்பும் ரயிலில் போகுமில்
ஒரே ஆரஞ்சை நாற்பது நிமிடம் உரித்தான்.

ஆனால் அந்த ஆஸ், அந்த ராணி, அந்தப் பத்து.
கேள்வி என்பது ஜெயிக்க மட்டுமா?
தோற்கப்போகும் ஆட்டத்திலும்
எதிரே இருப்பவனுக்கு
இந்தச் சுவரைத் தட்டு, இது பொள்ளல்
என்று காட்டவும்தானே.

விரல் ஏலப் பெட்டிக்குப் போனது.
இரண்டு ஆர்ட்டின் அட்டையின் நுனியில் நின்றது.
நின்று,
பச்சையை எடுத்தது.
பாஸ்.

இடப்பக்கம் அவள் கணவர் லூத்விக்: ஒரு நோ டிரம்ப்.
அவள்: மூன்று.
பிறகு மூன்று பச்சை அட்டைகள், வரிசையாக.

போகுமில் கிளாவர் ஜாக்கியை இறக்கினான்.
டம்மி விரிந்தது. ஆர்ட்டின் ராஜா, துணைக்கு ஒரு ஆறு,
என் ஆஸுக்கும் ராணிக்கும் முன்னால்
கழுத்தை நீட்டிக்கொண்டு.
அவன் ஆர்ட்டின் போட்டிருந்தால் எங்களுக்கு ஐந்து பிடி,
கதை அங்கேயே முடிந்தது.
நானாகத் தொட்டால் ராஜா பிழைப்பான்.
பிழைத்தான்.
ஒன்பது பிடி எடுத்த லூத்விக்
கசகசாக் கேக்கில் கடைசித் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

டிராலிபஸ்ஸில், ஈரக் கையுறைகளோடு, கேட்டேன்:
"நாலு ஆர்ட்டின் வைத்திருந்தாயே,
ஒன்றைப் போட உனக்குத் தோன்றவே இல்லையா?"

"தோன்றியது," என்றான்.
"ஆறு விநாடி யோசித்தாய்.
அதில் உன் ஆர்ட்டின் எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்ததால் போட முடியவில்லை."

அட்டை வைத்திருந்தால் அது என் பேச்சு,
நாலு பேருக்கும் பொது.
விரலின் தயக்கம் எங்கள் இருவருக்கு மட்டும் விழுந்த பணப்பை.
இவன் குனியாமல் தாண்டிப் போயிருக்கிறான்,
எல்ப்லாங் ரயிலை நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது.

பயந்து வாயை மூடினேன் என்றிருந்தேன்.
மூடவில்லை. காற்று வரும் அளவுக்குத்
திறந்தே வைத்திருந்தேன்.

அவன் நிறுத்தம் வந்தது.
படியில் இறங்கும் முதுகைப் பார்த்து,
யோசிக்காமல், "இரண்டு ஆர்ட்டின்," என்றேன்.
கதவு மூடியது.
பனியில் நின்றபடி, திரும்பி,
மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான்.