வாளிப்பல்

ஒரு பொக்லைன் விற்றால்
எங்களுக்கு நிற்பது
ஒரு மொபெட் வாங்கும் காசு.
வெளியில் சொல்லாதே என்பார் ஞானேஸ்வரன்,
வெளியில் எல்லோரிடமும் சொல்பவர் அவர்தான்.

பிழைப்பு பல்லில் இருந்தது.
வாளி விளிம்பில் ஐந்து பல்,
ஒன்று நாலரைக் கிலோ.
மேலூர்க் கல்லில் எண்பது மணி நேரம் தாங்கும்,
கள்ளிக்குடிக் கரிசலில் அறுநூறு.
பல் தேயாத ஊரில் நமக்கென்ன வேலை?
அதுதான் எங்கள் உத்தி, மொத்தமும்.
கப்பலூர்த் தொழிற்பேட்டையில்
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
மாவட்டம் கிடந்தது ஊர்ப்பெயர் இல்லாமல்.
சிவப்பு, சீக்கிரம் தேயும்.
மஞ்சள், பரவாயில்லை.
பச்சை வெறும் மண்; விட்டுவிடு.

உலைப்பகுதி சிந்தாமதார்
ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து
செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் முன் வைத்தார்.
நூற்றெழுபது மணி நேரம் கல்லில் ஓடிய பல்.
முனை இன்னும் முனையாகவே இருந்தது.
எண்ணெயில் முக்கும் நேரத்தை
ஏழு மாதமாய், யாரையும் கேட்காமல்,
கொஞ்சம் கொஞ்சமாய் மாற்றி வந்திருக்கிறார்.
"நல்லாருக்குல்ல?"
நல்லாத்தான் இருந்தது.
நான் கால்குலேட்டரைத் தொட்டேன்.
தொடாமல் இருந்திருக்கலாம்.

பாதிப் பல் என்றால் பாதி வரவு.
மார்ச்சில் முப்பது பேருக்குச் சம்பளம் இல்லை.

கூட்டத்தில் போண்டா ஆறியது.
உலையைப் பழையபடி வை என்றது விற்பனை.
விலையை இரட்டிப்பாக்கு என்றது கணக்கு.
சீனப்பல் கிடைக்கையில் எவன் வாங்குவான் என்றது
மறுபடியும் விற்பனை.
சிந்தாமதார் பேசவில்லை.
ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பிடித்திருப்பவர் மாதிரி
பல்லை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நான்தான் சொன்னேன்:
பல்லை விற்க வேண்டாம்,
வண்டியையும் விற்க வேண்டாம்,
மணியை விற்போம்.
ஓடிய மணிக்கு வாடகை.
பல், ஹோஸ், ஆயில், எல்லாம் நம் தலையில்.
தேய்மானம் நம் தலைக்கு வந்துவிட்டால்
சிந்தாமதார் நமக்கு லாபம்.

ஞானேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
கழற்றினால் கையெழுத்துப் போடப்போகிறார் என்று பொருள்.

ஆறே மாதம், வரைபடம் தலைகீழ்.
விட்டுவிட்ட பச்சைக்கெல்லாம் ஓடினோம்.
எந்தக் கண்மாய் தூர்வாருகிறார்கள்,
எந்தப் புறவழிச்சாலைக்கு மண் அடிக்கிறார்கள்
என்று டீக்கடை டீக்கடையாக விசாரித்தோம்.
கல்லுக்கு மணிக்கு இருநூறு ரூபாய் கூடுதல்.

மழை நாளில் குவாரிக்காரர் சேவுகராஜன் கூப்பிட்டார்.
"ஏம்மா, தண்ணிக்குள்ள வண்டி சும்மா நிக்கிது.
ஒங்க மீட்டரும் சும்மா நிக்கிமா?"
மீட்டர் நிற்கும்.
ஆனால் மாதம் குறைந்தது நூற்றைம்பது மணி;
எட்டாவது பத்தி, எழுதியது நான்.
"பல்லு வாங்குன காலத்துல
கடனாச்சும் சொல்லலாம்" என்றார்.
அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது.
நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

சிந்தாமதாருக்கு இப்போது தனி அறை,
உள்ளே ஏசி.
உலைக்காரருக்கு ஏசி எதுக்கு என்று
கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

நேற்று ஒத்தக்கடையில் பஸ் நின்றுவிட்டது,
முன்னால் ஏதோ லாரி பழுது.
ஜன்னல் முழுக்க யானைமலை படுத்திருந்தது.
என் மூன்று நிறங்களில் எதுவும்
அதன்மேல் இல்லை, இருக்கவும் கூடாது.
கை தானாக டிக்கெட்டைத் திருப்பியது.
நீளம், உயரம், குத்துமதிப்பாய் அகலம்,
மணிக்கு இத்தனை கன மீட்டர்,
தும்பிக்கைப் பக்கம் தொடங்கினால்...
பெருக்கி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில்.

பாதிக் கணக்கு கைப்பையில் கிடக்கிறது,
உதிர்ந்த மல்லிகை ஒட்டிய டிக்கெட்டில்.
மீதியைப் போட எனக்குத் தெரியும்.
போடவில்லை,
இன்று மாலை வரை.